எல்லோரும் ஓடிய நகரில் தங்கியிருந்தவர்: யோசவ்வாஸ் அடிகளார்

1697 ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை விட்டு வெளியேறினான். பிரதானிகளும் வசதி படைத்தவர்களும் அவனைப் பின்தொடர்ந்தனர். நோய் கண்டவர்கள் காடுகளில் கொண்டுபோய் விடப்பட்டனர். அவர்களைத் தேடிப் போனவர்கள் இரண்டு கத்தோலிக்கக் குருக்கள். ஒருவர் யோசவ்வாஸ் அடிகளார். மற்றவர் அவருடைய உறவினரான யோசேப் கர்வாலோ.

கைவிடப்பட்ட வீடுகளையும் குடிசைகளையும் அவர்கள் நோயாளர் தங்குமிடங்களாக்கினர். கஞ்சி கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தவர்களைப் புதைத்தனர். பௌத்தரா, கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை.

அடிகளார் 1651 இல் கோவாவில் உயர்குலக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1676 இல் குருவானார். போர்த்துக்கேயரைத் துரத்திவிட்டு 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்திருந்தனர். குருக்களே இல்லாமல் வாழும் இலங்கைக் கத்தோலிக்கரைப் பற்றி அறிந்த அவர், அவர்களிடம் போக முடிவெடுத்தார்.

1687 இல் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தபோது அவர் பிச்சைக்காரர் கோலத்தில் இருந்தார். கூட வந்தவர் ஜோன் என்ற பணியாள் மட்டுமே. வந்தவுடனேயே வயிற்றுளைவில் விழுந்தார். பிறகு கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று கவனித்தே மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். வழிபாடு இரவில், வீடுகளுக்குள் நடந்தது.

1689 நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்தனர். அடிகளார் அகப்படவில்லை. ஆனால் பிடிபட்டவர்களில் சிலர் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டனர். தொன் பேதுரு என்பவர் உயிரிழந்தார். அடைக்கலம் கொடுப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை எமது மக்கள் அன்றே அறிந்திருந்தனர்.

யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் சென்ற அடிகளார், 1692 இல் கண்டியை அடைந்தார். அங்கே போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். சிறையில் இருந்தபடியே சிங்களம் கற்றார். பெரியம்மைக் காலத்தில் அவர் செய்ததைக் கண்ட பின்னர், பணியாற்றுவதற்கு அரசனின் ஆதரவு அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது.

பிச்சைக்காரர் கோலம் முதலில் ஒரு மாறுவேடமாகத்தான் இருந்தது. அரசனின் தயவு கிடைத்த பிறகு அதைக் கழற்றிவிட்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்தார். கையில் கிடைத்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார். உயர்பதவி தேடி வந்தபோதும் ஏற்க மறுத்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் இந்த நாட்டில் உழைத்து, 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியில் இறந்தார். சொந்த ஊருக்கு அவர் திரும்பவேயில்லை.

2015 ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றைய தினமே பாப்பரசர் மடுவுக்கும் வந்தார். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தஞ்சம் புகுந்த இடம் அது.

கண்டியில் அடிகளார் புதைக்கப்பட்ட இடம் எதுவென்று இன்று யாருக்கும் தெரியாது. விளக்கேற்றவும் பூ வைக்கவும் ஒரு கல்லறை இல்லாத வேதனை எம்மில் பலருக்குப் புதிதல்ல. அவர் கழுவிய புண்களுக்கு உரியவர்களின் பெயர்களும் எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் அரசனே ஓடிவிட்ட நகரில், யாருமற்றவர்களின் பக்கத்தில் ஒருவர் இருந்தார் என்பது முந்நூறு ஆண்டுகள் கடந்தும் மறக்கப்படவில்லை.