திறப்பு விழாவுக்குப் பிறகு என்ன?
லண்டனில் முதல் இந்திய உணவகம் கண்ட ஷேக் தீன் முகமது

செலாயாங்கில் புதிய உணவகத் திறப்பு விழா நமக்குப் பழகிப்போன காட்சி. வாசலில் மாவிலைத் தோரணம், முதல் நாள் சலுகை விலை, முகநூல் முழுக்கப் படங்கள். அவற்றுள் சில கடைகள் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கின்றன. சில கடைகளின் கதவில் ஓராண்டு முடிவதற்குள் வாடகைக்கு விடப்படும் என்ற அறிவிப்பு தொங்குகிறது. சமையல் நன்றாக இருந்தும் கடை ஏன் நிலைக்கவில்லை என்று உரிமையாளருக்கே புரிவதில்லை.

உணவக நிர்வாகம் படிக்கும் மாணவர்களும், படிப்பை முடித்துச் சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களும் இந்தக் கேள்விக்கு விடை தேட, இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையைப் படிக்கலாம். அவர்தான் ஷேக் தீன் முகமது. லண்டன் மாநகரில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் உணவகம் அவருடையது. அந்தத் தொழிலில் அவர் தோற்றார். தோற்ற பிறகு எழுந்து நின்றதால்தான் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

பாட்னாவிலிருந்து அயர்லாந்துக்கு

தீன் முகமது 1759-ஆம் ஆண்டு இந்தியாவின் பாட்னா நகரில் பிறந்தார். அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றியவர். மகனுக்குப் பத்து வயதை ஒட்டிய பருவத்தில் அவர் இறந்துவிட்டார். தந்தையை இழந்த சிறுவன், கொட்ஃப்ரி பேக்கர் என்ற அயர்லாந்து நாட்டு இளம் அதிகாரியுடன் படை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தான். பல ஆண்டுகள் படையோடு வட இந்தியாவில் பயணம் செய்து, படிப்படியாகச் சுபேதார் பதவிவரை உயர்ந்தார்.

1782-இல் பேக்கர் படையிலிருந்து விலகியபோது தீன் முகமதுவும் விலகினார். இரண்டு ஆண்டுகள் கழித்து இருவரும் கப்பலேறி அயர்லாந்தின் கோர்க் நகரை அடைந்தனர். அங்கே அவர் ஆங்கிலத்தை முறையாகப் படித்தார். 1786-இல் ஜேன் டேலி என்ற அயர்லாந்துப் பெண்ணை மணந்தார்.

1794-இல் தம் பயண அனுபவங்களை இரண்டு பாகங்களில் ஆங்கில நூலாக வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் என்று அது போற்றப்படுகிறது. நூல் அச்சாகும் முன்பே முன்பணம் தர ஒப்புக்கொண்டவர்கள் முந்நூறுக்கும் மேல். விற்க வேண்டிய பொருளுக்கு முதலில் வாங்குபவரைத் தேடிக்கொள்ளும் இந்த வழக்கம் அக்கால நூல் வெளியீட்டில் இருந்தது. உணவகம் தொடங்கியபோது அப்படி முன்கூட்டியே உறுதி தர அவருக்கு யாரும் இல்லை.

லண்டனில் ஒரு புதிய கனவு

1807-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் குடும்பத்துடன் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். போர்ட்மன் சதுக்கத்தில் பேசில் கொக்ரேன் என்ற செல்வந்தரிடம் வேலை கிடைத்தது. இந்தக் கொக்ரேன் மதராஸில் பல ஆண்டுகள் இருந்து, கப்பற்படைக்கு உணவுப்பொருள் வழங்கும் குத்தகையில் பெரும் பணம் சேர்த்தவர். பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழியின் முதற்பகுதி அவர் பணத்தில் வெட்டப்பட்டு, கொக்ரேன் கால்வாய் என்றே முதலில் அழைக்கப்பட்டது. லண்டன் திரும்பிய கொக்ரேன் தம் மாளிகையில் நீராவிக் குளியல் நிலையம் ஒன்றை அமைத்திருந்தார். அங்கே தீன் முகமது உடம்பு பிடித்துவிடும் இந்திய முறையையும் சேர்த்து நடத்தினார்.

அந்த வட்டாரத்தில் இந்தியாவில் வேலை பார்த்துப் பணத்தோடு ஓய்வு பெற்று வந்த ஆங்கிலேயர்கள் பலர் குடியிருந்தனர். அவர்கள் இந்திய உணவின் சுவையை அறிந்தவர்கள். அவர்களை நம்பி உணவகம் திறக்கலாம் என்று தீன் முகமது கணக்குப் போட்டார். 1810-இல் ஜார்ஜ் தெரு 34-ஆம் எண்ணில் ஹிந்துஸ்தானி காப்பிக் கடை திறக்கப்பட்டது. காப்பிக் கடை என்பது பெயர்தான். உண்மையில் அது முழுமையான உணவகம்.

தொடக்கத்தில் அவர் எதிலும் குறை வைக்கவில்லை. மூங்கிலும் பிரம்பும் கொண்டு செய்த நாற்காலிகள், சுவர்களில் இந்தியக் காட்சிகளைத் தீட்டிய ஓவியங்கள், உக்கா புகைப்பதற்குத் தனி அறை என்று கடையை அலங்கரித்தார். கோழிக்கறி, கடல் இறால் கறி, அன்னாசிப்பழம் சேர்த்த பிலாவ் முதலான உணவு வகைகள் பரிமாறப்பட்டன. அந்தக் கடையின் கையெழுத்து உணவுப் பட்டியல் ஒன்று 2018-இல் லண்டன் அரிய நூல் சந்தையில் விலைபோனது. 1811-இல் டைம்ஸ் நாளிதழில் அவர் விளம்பரமும் கொடுத்தார். இன்றைய தொழில் பாடநூல்கள் சொல்லும் தனித்தன்மை, அலங்காரம், விளம்பரம், குறிப்பிட்ட வாடிக்கையாளர் வட்டம் ஆகிய நான்கும் அவரிடம் இருந்தன.

கடை ஏன் நொடித்தது?

இவ்வளவு இருந்தும், திறந்து இரண்டே ஆண்டுகளில், 1812-இல், தீன் முகமது திவாலானவராக அறிவிக்கக் கோரி விண்ணப்பிக்க நேர்ந்தது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், அவர் நம்பிய வாடிக்கையாளர்களின் பழக்கம். இந்தியாவிலிருந்து திரும்பிய செல்வந்தர்கள் இந்திய உணவை விரும்பியது உண்மை. ஆனால் அவர்களிடம் வீட்டிலேயே சமையற்காரர்கள் இருந்தனர். சமையல் குறிப்புகளும் கிடைத்தன. கறி சமைக்கும் முறை 1747-இல் வந்த ஆங்கிலச் சமையல் நூலிலேயே அச்சாகிவிட்டது. ஒரு பொருளை விரும்புபவர் எல்லாரும் அதை விலை கொடுத்து வாங்குபவர் அல்லர். வீட்டில் எளிதாகக் கிடைப்பதை வெளியே போய் வாங்க வலுவான காரணம் வேண்டும்.

இரண்டாவது காரணம் இடம். கிழக்கிந்திய வாணிகத்தில் ஈடுபட்டிருந்த வணிகர்கள் பகல் முழுவதும் லண்டனின் வணிகப் பகுதியில் இருந்தனர். அவர்கள் கூடிப் பேசவும் கப்பல் செய்திகளை அறியவும் அங்கேயே காப்பிக் கடைகள் இருந்தன. சாப்பாட்டுக்காக மட்டும் போர்ட்மன் சதுக்கம் வரை வர அவர்களுக்கு நேரமில்லை.

மூன்றாவது காரணம் முதலீடு. அலங்காரத்துக்கும் வாடகைக்கும் ஆட்களுக்கும் பணம் முதல் நாளிலிருந்தே போகும். வாடிக்கையாளர் கூட்டமோ மெல்ல மெல்லத்தான் சேரும். அந்த இடைவெளியைக் கடக்கக் கையிருப்பு வேண்டும். தீன் முகமதுவின் கையிருப்பு அதற்குள் கரைந்துவிட்டது. இதற்குச் சான்றாக ஒன்றைச் சொல்லலாம். அவர் விலகிய பிறகும் அதே கடை வேறு உரிமையாளர்களின் கையில் 1833 வரை நடந்தது. ஆக, லண்டனில் இந்திய உணவுக்கு அறவே இடமில்லாமல் போகவில்லை. காத்திருக்கும் வலுதான் அவருக்கு இல்லாமல் போனது.

செலாயாங்கில் கடை போட நினைப்பவர் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மொத்தச் சந்தையில் விடியற்காலையில் வேலை செய்பவருக்கு வேண்டிய உணவு வேறு. மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வருபவருக்கு வேண்டியது வேறு. வார இறுதியில் குடும்பத்தோடு வருபவர் தேடுவது வேறு. எந்த நேரத்தில் யார் அந்தத் தெருவில் நடக்கிறார், அவர் இப்போது எங்கே சாப்பிடுகிறார், அதை விட்டு நம் கடைக்கு ஏன் வர வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். எதிர்பார்த்த விற்பனையில் பாதிதான் நடந்தால் எத்தனை மாதம் வாடகை கட்ட முடியும் என்பதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கடையின் பெயர்ப் பலகைக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு.

ஐம்பது வயதுக்கு மேல் இரண்டாவது தொடக்கம்

கடையை இழந்தபோது தீன் முகமதுவுக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. மனைவியும் பிள்ளைகளும் அவரை நம்பி இருந்தனர். 1813-இல், முன்பு உணவகத்துக்கு விளம்பரம் கொடுத்த அதே டைம்ஸ் நாளிதழில், வீட்டு வேலை கேட்டு விளம்பரம் கொடுத்தார். முதலாளியாக இருந்தவர் மீண்டும் வேலைக்காரராகப் போவதை அவர் இழிவாகக் கருதவில்லை.

1814-இல் கடற்கரை நகரான பிரைட்டனுக்குக் குடும்பம் இடம்பெயர்ந்தது. உடல்நலம் தேடிக் கடல் குளியலுக்காகப் பணம் படைத்தவர்கள் வந்து தங்கும் ஊர் அது. கொக்ரேன் மாளிகையில் செய்த வேலை இங்கே கைகொடுத்தது. மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடும் சிகிச்சையும் தொடங்கினார். அழுத்திப் பிசைதல் என்ற பொருளுள்ள இந்திச் சொல்லிலிருந்து வந்த ஷாம்பு என்ற சொல்லால்தான் அந்தச் சிகிச்சை அறியப்பட்டது. தலைக்குத் தேய்க்கும் திரவத்துக்கு அந்தப் பெயர் வந்தது பிற்காலத்தில்.

லண்டனில் செய்த பிழைகள் இங்கே திருத்தப்பட்டன. வாடிக்கையாளர் தாமாகவே வரும் ஊரைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் வீட்டில் கிடைக்காத சேவையைக் கொடுத்தார். முதலில் மக்கள் நம்பத் தயங்கினர். சிலருக்குக் கட்டணம் வாங்காமலே சிகிச்சை செய்து காட்டினார். குணமடைந்தவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களை வரவேற்பறையில் மாட்டிவைத்தார். அவர்கள் எழுதித் தந்த பாராட்டுகளைத் திரட்டி நூலாக்கினார். சிறிய அளவில் தொடங்கி, பெயர் பரவிய பிறகே 1821-இல் கடலோரத்தில் பெரிய குளியல் நிலையம் எழுந்தது. மன்னர் நான்காம் ஜார்ஜும் அடுத்து வந்த நான்காம் வில்லியமும் அவரைத் தங்கள் சிகிச்சையாளராக நியமித்தனர்.

அவர் குறையே இல்லாதவர் அல்லர். விளம்பரத்துக்காகத் தம் வயதைப் பத்து ஆண்டுகள் கூட்டிச் சொன்னார். படையில் மருத்துவராக இருந்ததாகவும் கூறிக்கொண்டார். இவற்றை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

முதுமையில் மீண்டும் ஓர் அடி விழுந்தது. அவர் பெயரால் புகழ்பெற்ற குளியல் நிலையக் கட்டடம் அவருக்குச் சொந்தமானது அன்று. 1841-இல் அது ஏலத்துக்கு வந்தபோது அவரால் அதை வாங்க முடியவில்லை. பிறர் கட்டடத்தில் வளரும் தொழிலுக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. ஆயினும் அவர் சிறிய இடத்தில் தொழிலைத் தொடர்ந்தார். 1850 டிசம்பரில் மனைவி ஜேன் மறைந்தார். இரண்டு மாதம் கழித்து, 1851 பிப்ரவரி 24-ஆம் நாள், தீன் முகமதுவும் காலமானார். அவருடைய பேரன் ஃபிரெடெரிக் அக்பர் முகமது, உயர் இரத்த அழுத்தம் குறித்த ஆய்வில் பெயர் பெற்ற மருத்துவராக விளங்கினார்.

லண்டனின் புகழ்பெற்ற வீராசாமி உணவகம் திறக்கப்பட்டது 1926-இல். தீன் முகமது அதற்கு நூறாண்டுக்கும் மேலாக முந்திவிட்டார். அவர் கடை இருந்த ஜார்ஜ் தெருவில் 2005-இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில் கைவிட்டுப் போன கடைக்கு, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மரியாதை அது. ஒரு கடை மூடப்படுவதால் அதை நடத்தியவரின் கைத்திறன் மூடப்பட்டுவிடாது. ஏன் தோற்றோம் என்று நிதானமாகக் கணக்குப் பார்ப்பவருக்கு அந்தத் தோல்வியே அடுத்த தொழிலின் முதலாகிறது.