அடிமையாய்ப் பிறந்த நாவலர் பிரெடரிக் டக்ளஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேரிலாந்து மாநிலத்தில் 1818ஆம் ஆண்டு அடிமைத் தாய் ஒருத்தியின் வயிற்றில் பிறந்தவர் பிரெடரிக் டக்ளஸ். பிறந்த நாள் இன்னதென அவருக்கே தெரியாது. பால்டிமோர் நகரில் எசமானியம்மாள் எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். எழுத்தறிந்தவன் அடிமையாய் இரான் என்று கூறி எசமானர் தடுத்துவிட்டார். சிறுவன் விடுவானா? தெருவில் திரிந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளை ஈந்து, பதிலுக்குப் பாடம் பெற்றுக்கொண்டான்.

1838 செப்டம்பர் 3ஆம் நாள் கப்பல் தொழிலாளி போல் உடையணிந்து வடக்கே தப்பினார். 1841இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில் பேசியது முதல் மேடையே அவர் தொழிலாயிற்று. அடிபட்ட கதையைக் கேட்டு அழ வந்த கூட்டத்தை அவர் சிரிக்கவும் வைத்தார். தென்மாநிலப் பாதிரிமார் அடிமைகளுக்குச் செய்யும் உபதேசத்தை அப்படியே நடித்துக் காட்டுவார். அடிமைகளின் கைகள் காய்த்தவை, ஆகவே ஆண்டவன் அவர்களை உழைக்கப் படைத்தான். ஆண்டைகளின் விரல்களோ மெல்லியவை, ஆகவே அவர்களைச் சிந்திக்கப் படைத்தான் என்பது அவ்வுபதேசத்தின் சாரம். உழைத்துக் காய்த்த கையையே உழைக்கப் பிறந்ததற்குச் சான்றாக்கும் அந்த நியாயம் நமக்கும் புதியதன்று.

1852இல் ராச்செஸ்டர் நகர மகளிர் அடிமை ஒழிப்புச் சங்கத்தார் விடுதலைத் திருநாள் சொற்பொழிவுக்கு அவரை அழைத்தனர். மனிதர் யாவரும் சமமாய்ப் படைக்கப்பட்டனர் எனப் பறைசாற்றிய 1776ஆம் ஆண்டுச் சாசனத்தைக் கொண்டாடும் விழா அது. அவ்வேளையில் அந்நாட்டில் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அடிமைகள்! ஜூலை 5ஆம் நாள் மேடையேறிய டக்ளஸ், சாசனம் தந்த முன்னோரை முதலில் மனமாரப் புகழ்ந்தார். பின்னர், என்னை ஏளனம் செய்யவா அழைத்தீர்கள் என்று அவையோரையே வினவினார்.

அடிமையும் மனிதனே என மெய்ப்பிக்க அவர் மறுத்துவிட்டார். வர்ஜீனியாவில் கறுப்பருக்கு மரண தண்டனை தரும் குற்றங்கள் 72, வெள்ளையருக்கோ இரண்டே. அறிவும் பொறுப்பும் உள்ள மனிதனென ஏற்காமலா இத்தனை குற்றங்களை வகுத்தார்கள்? அடிமைக்குப் படிப்பிக்கலாகாதெனச் சட்டம் செய்தவர்கள் வயல் மாட்டுக்கும் அப்படியொரு சட்டம் செய்திருந்தால், அதைக் காட்டட்டும், பிறகு வாதிடலாம் என்றார். அயல்நாட்டுக் கொடுங்கோலருக்குத் தப்பி வந்தோரை விருந்து வைத்து வரவேற்கும் நாடு, தன் மண்ணில் தப்பியோடுவோரை வேட்டையாடுவதையும் சுட்டினார். 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிடிபட்டவர் அடிமையே எனத் தீர்ப்பளிக்கும் அலுவலருக்குக் கூலி பத்து டாலர். அல்லர் எனத் தீர்ப்பளித்தால் ஐந்து டாலர். இக்கணக்கை அவையில் எடுத்துரைத்தாலே போதும், கேலி தானே விளங்கும்!

ஒரு சொற்பொழிவால் நாடு மனந்திரும்பிவிடவில்லை. 1857இல் உச்ச நீதிமன்றமே கறுப்பர் குடிமக்களாகார் எனத் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போர் மூண்டு முடிந்த 1865இலேதான் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. 1873இல் மகாத்மா புலே தம் 'குலாம்கிரி' நூலை அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

அரசுப் பதவிகள் கிடைத்த பின்னரும் டக்ளஸ் வாளாவிருந்தாரல்லர். கறுப்பரைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைக் கண்டித்து 1894இலும் முழங்கினார். 1895 பிப்ரவரி 20ஆம் நாள் வாஷிங்டனில் மகளிர் மாநாடொன்றுக்குச் சென்று வீடு திரும்பி, அங்கு நடந்தவற்றை மனைவியாரிடம் உற்சாகமாய் விவரித்துக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்து உயிர் நீத்தார்.