அண்ணாவியாருக்கு இடம் விட்ட பேராசிரியர்

பேராசிரியர் சு. வித்தியானந்தனை நான் கண்டதில்லை. போர் முடிந்து எங்கள் ஊரில் மறுபடி கூத்துப் பழகத் தொடங்கியபோதுதான் அவரைத் தேடி வாசித்தேன்.

1924இல் பிறந்தவர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். அங்கே உடன் பணியாற்றிய எதிரிவீர சரச்சந்திர, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம வடிவத்தில் 1956இல் 'மனமே'யைச் சிங்களத்தில் மேடையேற்றினார். படித்த தமிழரோ கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கியிருந்தனர். சிங்கள மேடையின் அந்த வெற்றி வித்தியானந்தனையும் நம் கூத்தின் பக்கம் திருப்பியது.

விடிய விடிய ஆடிய மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கி, 1962இல் 'கர்ணன் போர்' தந்தார். மேடை ஒழுங்கைத் தான் பார்த்தார். ஆட்டத்தையும் தாளத்தையும் கிராமத்து அண்ணாவியாரிடம் விட்டார். 'இராவணேசன்' எழுதியதும் இராவணனாக ஆடியதும் மாணவர் மௌனகுரு.

பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1989இல், போரின் நடுவே மறைந்தார்.

போருக்குப் பின் எங்கள் ஊருக்குத் தயார் பிரதியோடு நாடகம் பழக்க வந்தவர்கள், எங்கள் மூத்த அண்ணாவியாரைப் பார்வையாளர் வரிசையில் இருத்தினார்கள். நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். அடுத்த கூத்துக்கு மத்தளத்தை அவர் கையிலேயே கொடுத்தோம்.