ஸ்லீப்பர் கட்டையும் ஒரு தோட்டக்காரரும்

கச்சிராயபாளையத்துல ரயில் கிடையாது. ரயில் பார்க்கணும்னா சின்னசேலம் போகணும். அடுத்த தடவை அந்த ஸ்டேஷன்ல நிக்கும்போது தண்டவாளத்தை விட்டுட்டு, அதுக்குக் கீழே இருக்கிற கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டையைப் பாருங்க. இரண்டே முக்கால் மீட்டர் நீளம், கால் டன்னுக்கு மேல எடை. அதுவும் ஒரு பீம்தான். ஆனா சும்மா பாரம் தாங்குற பீம் இல்ல, ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் அடி வாங்குற பீம். கம்பி போட்ட கான்கிரீட்டில் இதைச் செய்யலாம் என்று 1877-லேயே சொல்லி, காப்புரிமையும் வாங்கியவர் ஒரு தோட்டக்காரர். பெயர் ஜோசப் மோனியே.

1823 நவம்பர் 8-ஆம் தேதி தெற்கு பிரான்சில் பிறந்தார். அப்பா ஒரு பிரபுவின் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் நிறைய பிள்ளைகள். இவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்கள். பதினேழு வயதில் அதே பிரபுவின் பாரிஸ் மாளிகைக்கு வேலைக்குப் போனபிறகுதான் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார்.

பாரிஸ் குளிரில் ஆரஞ்சு மரம் தாங்காது. ஒவ்வொரு வருஷமும் தொட்டியோடு தூக்கி உள்ளே வைத்து, வெயில் காலத்தில் வெளியே கொண்டுவரணும். மண் தொட்டி உடையும், மரத்தொட்டி மக்கும். சிமெண்டில் செய்து பார்த்தார்; அதுவும் விரிசல் விட்டது. உள்ளே இரும்புக் கம்பி வலை வைத்துப் பூசினார், நின்றது. 1867 ஜூலை 16-இல் முதல் காப்புரிமை. பிறகு குழாய், தண்ணீர்த் தொட்டி, 1875-இல் ஷஸலே கோட்டை அகழி மேல் ஏறக்குறைய 14 மீட்டரில் ஒரு பாலம். கணக்குப் போடத் தெரியாது. கட்டிப் பார்த்துத்தான் கற்றார்.

ஸ்லீப்பர் கட்டை மட்டும் ஓடவில்லை. ஏன் என்பது நம்ம பாடத்துலயே இருக்கு. ஒரு எடையை பீம் மேல் மெதுவாக வைத்தால் 1 மி.மீ. தொய்கிறது என்று வையுங்கள். அதே எடையைத் தொட்டபடி வைத்து சட்டென்று விட்டால் 2 மி.மீ. வெறும் 40 மி.மீ. உயரத்திலிருந்து போட்டால் 10 மி.மீ., அதாவது பத்து மடங்கு (பீமின் சொந்த எடையை விட்டுவிட்ட கணக்கு இது). இன்னொரு வம்பும் உண்டு. அடி விழுந்த அந்த நொடியில் தாங்கிகளுக்குச் சேதியே போயிருக்காது. அடிபட்ட இடத்துப் பக்கத்துத் துண்டு மட்டும் தனியாகப் போராடும். அதனால் நிலையான பாரத்தில் அழகாக வளைந்து எச்சரிக்கை கொடுக்கிற பீம்கூட, பலத்த அடியில் சாய்வாக வெட்டுப்பட்டு உடையலாம். ஸ்லீப்பருக்கு தண்டவாளத்துக்கு அடியில் கீழ்ப்பக்கம் இழுபடும், நடுவில் ஜல்லி இறுகிவிட்டால் மேல்பக்கம் இழுபடும். மோனியேவோ தகட்டின் நடுவில் வலையை வைத்தவர். கம்பி இழுவிசை வரும் பக்கம் இருக்கணும் என்று கணக்கோடு காட்டியது ஜெர்மன் பொறியாளர் கோனன், 1886-இல்.

அந்த ஜெர்மனியில்தான் அவர் முறை காசு பண்ணியது. வைஸ் என்பவர் உரிமையை வாங்கி, சோதனை செய்து, புத்தகம் போட்டு, பெரிய கம்பெனி கட்டினார். மோனியேவுக்கு நடந்தது வேறு. ஒரு மகன் வேலைத்தளத்தில் கீழே விழுந்து இறந்தார். 1888-இல் மோனியே திவால். வெளிநாட்டுப் பணம் வருகிறது என்று சந்தேகப்பட்டு வரி அதிகாரிகள் வேறு துரத்தினார்கள். 1906 மார்ச் 13-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

கட்டைக்கு விடிவு வந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். மரம் கிடைக்காத அந்த நேரத்தில், கம்பியை முன்கூட்டியே இழுத்துப் பிடித்து கான்கிரீட்டை அமுக்கி வைக்கும் முறை கைகொடுத்தது. அடி விழும்போது விரிசல் வாய் திறந்தாலும், சக்கரம் கடந்ததும் மூடிக்கொள்ளும். சின்னசேலத்தில் கிடக்கிற கட்டையும் அந்த வகைதான். அகலப்பாதைக் கட்டைக்குள் மூன்று மூன்று இழையாக முறுக்கிய 18 கம்பிகள் இருக்கும்.

ஜெர்மனியில் கம்பி கட்டுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் குறடுக்கு இன்றைக்கும் மோனியேர் குறடு என்றுதான் பெயர்.