கேட்காமல் தீர்ப்பு இல்லை: நீதிபதி ஸையித் மஹ்மூத்

 

 

யமனுக்கு நீதிபதியாகப் புறப்பட்ட அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை உங்களுக்குத் தெரியும். இரு தரப்பில் ஒருவர் பேசி முடித்ததும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது, மற்றவர் பேச்சையும் கேட்க வேண்டும் என்பதே அது. அந்த ஒரு விஷயத்துக்காக ஆங்கிலேயர் ஆட்சியில் தனியாக நின்ற ஒருவரின் வாழ்வை இந்த வாரம் பார்ப்போம்.

அலிகர் கல்லூரியை உருவாக்கிய ஸர் ஸையித் அஹ்மத் கானின் மகன் ஸையித் மஹ்மூத். 1850-இல் டில்லியில் பிறந்தார். 1869-இல் தந்தையுடன் இங்கிலாந்து சென்று சட்டம் படித்தார். 1872-இல் திரும்பி அலகாபாத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். 1882-இல், 32 வயதில், அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் தற்காலிக நீதிபதியாக அமர்ந்தார். 1887-இல் அந்தப் பதவி நிரந்தரமானது. இந்திய உயர்நீதிமன்றங்களில் அமர்ந்த முதல் முஸ்லிம் நீதிபதி அவர்.

அவர் முன் 1885-இல் வந்த ஒரு வழக்கு நமக்கு மிக நெருக்கமானது. பள்ளிவாசலில் ஃபாத்திஹாவுக்குப் பின் ஆமீனைச் சப்தமாகச் சொன்னதற்காக ரமளான் என்பவரும் வேறு சிலரும் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். தொழுகைக் கூட்டத்தைக் குலைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆமீன் சொன்னவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்! மற்ற நீதிபதிகள் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள். ஸையித் மஹ்மூத் உடன்படவில்லை. இது குற்றமா என்று சொல்ல, முஸ்லிம்களின் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார். அரபி நூல்களை எடுத்து ஆராய்ந்தார். ஹனஃபிகள் மெதுவாகச் சொல்வதும் ஷாஃபிகள் சப்தமாகச் சொல்வதும் மார்க்கத்துக்குள் உள்ள வேறுபாடுதான். நல்லெண்ணத்தோடு தொழ வந்தவர் ஆமீன் சொன்னதால் குற்றவாளி ஆகமாட்டார் என்று எழுதினார்.

சகோதரர்களே, இதைவிடப் பெரியது 1891-இல் வந்த போஹ்பி வழக்கு. தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர் மேல்முறையீட்டு மனு அனுப்புகிறார். வக்கீல் வைக்கப் பணம் இல்லை. தாமாக வர வழியும் இல்லை, காவலில் இருக்கிறாரே! மேல்முறையீட்டாளர் வந்தால் அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். விசாரணைத் தேதியை அறிவித்தால் போதும், அவர் வராவிட்டாலும் கோப்பைப் படித்து முடிவு சொல்லலாம் என்றார்கள் மற்ற நீதிபதிகள். கதவைப் பூட்டி வைத்துவிட்டு, வந்தால் கேட்போம் என்று சொல்வது என்ன நீதி? சிறையிலிருந்து அவரை அழைத்து வரச் செய்யாமல் அவருக்கு வாய்ப்புக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது என்று ஸையித் மஹ்மூத் தனித் தீர்ப்பு எழுதினார். அன்று அது சிறுபான்மைத் தீர்ப்புதான். ஆனால் 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், சிறையிலிருந்து வரும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யும் முன் மனுதாரரின் பேச்சைக் கேட்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்றது. சில விதிவிலக்குகளை மட்டும் வைத்தது. குற்றம் நிரூபணமான பிறகும், தண்டனையின் அளவு பற்றிக் குற்றவாளியைக் கேட்ட பின்பே நீதிபதி முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் வகுத்தது.

அவரிடம் குறைகளும் இருந்தன. மதுப் பழக்கமும் தீர்ப்பு எழுதுவதில் தாமதமும் அவர் மீது பேசப்பட்டன. தலைமை நீதிபதியோடு மோதல் முற்றி 1893-இல் பதவி விலகினார். 1903-இல் மறைந்தார். மனிதரின் பிழையைப் பிழை என்றே சொல்வோம். அவர் எழுதிய நீதியை நீதி என்றே ஏற்போம்.

அவர் காலத்தில் செஷன்ஸ் வழக்குகளில் பொதுமக்களும் ஜூரிகளாகவோ அஸெஸர்களாகவோ நீதிபதியோடு அமர்ந்தார்கள். ஜூரிகள் தீர்மானம் சொன்னார்கள். அஸெஸர்கள் கருத்துச் சொன்னார்கள். அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. இன்று நம் நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஜூரி இல்லை. ஆனால் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் நாம் எல்லோரும் ஜூரிகளாகவே உட்கார்ந்திருக்கிறோம்! ஒரு பையனைப் போலீஸ் அழைத்துப் போனது என்ற செய்தி வந்ததுமே அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் தண்டனை எழுதிவிடுகிறோம். கணவன் மனைவி தகராறு ஜமாஅத்துக்கு வந்தால், முதலில் வந்து அழுதவர் பக்கமே சாய்ந்துவிடுகிறோம்.

ஆரணிக்காரர்களுக்குத் தறியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்துகிறோம். அந்த இழையைத் தேடி, முடிச்சுப் போட்ட பிறகே நெய்கிறோம். பட்டு இழைக்குத் தரும் பொறுமையை ஒரு மனிதனின் மானத்துக்குத் தரக் கூடாதா?

எனவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். மறுதரப்பைக் கேட்கும்வரை நாவையும் கைபேசியையும் அடக்குங்கள். கண்ணால் கண்ட உண்மை இருந்தால் சாட்சியத்தை மறைக்காதீர்கள். நீதியில் பொதுமக்களின் பங்கு இன்று பெரிதும் அதுதான். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்பதை ஏழைக் குடும்பங்களுக்குச் சொல்லுங்கள். நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். 1891-இல் அந்தக் கைதிக்குக் கிடைக்காதது இன்று உரிமையாகவே இருக்கிறது. தெரியாமல் யாரும் அதை இழந்துவிடக் கூடாது.

இருதரப்பையும் கேட்டு நீதியோடு நடக்கும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன். மெதுவாகச் சொல்பவரும் சொல்லுங்கள், சப்தமாகச் சொல்பவரும் சொல்லுங்கள்!