ஸ்னோரி ஸ்டர்லுசன்

ஸ்னோரி ஸ்டர்லுசன் (1179 – செப்டம்பர் 23, 1241) ஐஸ்லாந்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியரும் கவிஞரும் அரசியல் தலைவரும் ஆவார். நோர்சு தொன்மங்களில் வரும் அரக்கியரின் குடும்ப உறவுகளை அறிய உதவும் முதன்மை நூல்களுள் ஒன்றான உரைநடை எட்டாவை இயற்றியவர் இவரே. ஸ்டர்லுசன் என்பதற்கு ஸ்டர்லாவின் மகன் என்பது பொருள். அது குடும்பப் பெயரன்று.

வாழ்க்கை

ஸ்னோரி மேற்கு ஐஸ்லாந்திலுள்ள ஹ்வம்மூர் என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதிலேயே தெற்கிலுள்ள ஒட்டிக்கு அனுப்பப்பட்டு, யோன் லோஃப்ட்சன் என்னும் தலைவரிடம் வளர்ந்து கல்வி கற்றார். 1206 இல் ரெய்க்ஹோல்ட்டில் குடியேறினார். நாட்டின் பொது மன்றமான அல்திங்கில் சட்டம் உரைப்பவர் பதவியை 1215 முதல் 1218 வரையும், 1222 முதல் 1231 வரையும் வகித்தார். தம் மகள்கள் மூவரையும் செல்வாக்குள்ள தலைவர்களுக்கு மணமுடித்துக் கொடுத்து உறவை விரிவாக்கினார்.

எட்டாவில் அரக்கியர்

ஐஸ்லாந்து கி.பி. 1000 அளவிலேயே கிறித்தவத்தைத் தழுவியிருந்தது. பழைய தொன்மங்களை அறியாமல் மரபுக் கவிதை இயற்ற இயலாது என்பதால், 1220 அளவில் ஸ்னோரி இந்நூலைக் கவிஞர்களுக்கான கையேடாக எழுதினார். தெய்வங்களை உறவுமுறையால் சுட்டுவது அக்கவிதை மரபாகும். சான்றாக, தோரின் மனைவி சிஃப்பை யார்ன்சாக்சாவின் சக்களத்தி எனலாம். யார்ன்சாக்சா, தோருக்கு மாக்னி என்னும் மகனைப் பெற்ற அரக்கி ஆவாள்.

இந்நூலின்படி, தலைமைத் தெய்வமான ஒடினின் தாய் பெஸ்ட்லா அரக்கர் குலத்தவள். அரக்கி ஸ்காடி, தன் தந்தை த்யாசியைத் தெய்வங்கள் கொன்றதற்கு ஈடாக அவர்களுள் ஒருவரைக் கணவராகப் பெற்றாள். கால்களை மட்டுமே பார்த்து அவள் தேர்ந்தெடுத்தவர் நியோர்ட். நியோர்டின் மகன் ஃப்ரேய் மணந்த கெர்டும் அரக்கர் மகளே. அரக்கி அங்கர்போடாவுக்கும் லோகிக்கும் ஃபென்ரிர் என்னும் ஓநாய், உலகைச் சுற்றிய பாம்பு, ஹெல் ஆகிய மூவர் பிறந்தனர். உலக முடிவில் ஒடினை விழுங்குவது இந்த ஃபென்ரிரே.

இறப்பு

1239 இல் நார்வே மன்னர் நான்காம் ஹாக்கோனின் தடையை மீறி ஸ்னோரி நார்வேயிலிருந்து நாடு திரும்பினார். மன்னரின் ஆணைப்படி அவருக்கு எதிராக வந்தவர், ஒருகாலத்தில் அவருடைய மருமகனாயிருந்த கிசூர் தோர்வால்ட்சன் ஆவார். ரெய்க்ஹோல்ட் வீட்டின் நிலவறையில் ஒளிந்திருந்த ஸ்னோரியைக் கிசூரின் ஆட்கள் கொன்றனர். தெய்வங்களின் மண உறவுகளையும் அவற்றோடு கலந்த பகையையும் பதிவுசெய்தவரின் வாழ்வு, தாமே ஏற்படுத்திய மண உறவின் பகையால் முடிந்தது.