குப்பியின் அடியில் ஒரு வக்கீலின் பெயர்

பழைய மதுக்குப்பிகளைச் சேகரிப்பவர்கள் ஒரு குப்பி கைக்கு வந்ததும் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கே அமிலத்தால் பொறித்த சின்ன எழுத்துகளில் வெனினி, முரானோ என்றிருந்தால் விலை எங்கோ போய்விடும். அந்தப் பெயருக்குரிய பாவ்லோ வெனினி கண்ணாடி ஊதும் தொழிலாளி அல்லர். சட்டம் படித்த வக்கீல்!

1895-ல் மிலான் நகருக்கு அருகே குசானோவில் பிறந்தவர். 1921-ல் காப்பெல்லின் என்ற பழம்பொருள் வியாபாரியுடன் கூட்டுச் சேர்ந்து, வெனிஸ் நகரையொட்டிய முரானோ தீவில் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார். தீ விபத்துக்கு அஞ்சிய வெனிஸ் அரசு 1291-ல் உலைகளையெல்லாம் அந்தத் தீவுக்கு அனுப்பியது. அன்று முதல் அங்கே இது தந்தை வழி மகனுக்கு வரும் தொழில். வெளியூர் வக்கீலுக்கு அங்கே என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும்.

நான்கே ஆண்டில், 1925-ல், கூட்டு முறிந்தது. தேர்ந்த தொழிலாளர்கள் பலர் காப்பெல்லினுடன் போய்விட்டார்கள். வெனினி உலையை அணைக்கவில்லை. புதிய ஆட்களைச் சேர்த்தார். பின்னர் காப்பெல்லினின் நிறுவனம் நொடித்துப் போக, அங்கே வடிவங்கள் வரைந்து வந்த கார்லோ ஸ்கார்பா 1932-ல் இவரிடமே வந்து சேர்ந்தார்.

உலகப்போருக்குப் பிறகுதான் குப்பிகளின் காலம். கட்டடக் கலைஞர் ஜியோ போன்டி பெண்ணுருவச் சாயலில் குப்பிகள் வரைந்தார். ஃபுல்வியோ பியான்கோனி வண்ணப்பட்டை போட்ட குப்பிகளை வரைந்தார். வரைவது ஒருவர், செய்வது வேறொருவர். இரண்டு வண்ணத்தில் ஒரே குப்பி வேண்டுமானால், இரண்டு கண்ணாடிக் குமிழ்களைத் தனித்தனியே ஊதி, சூடு ஆறுமுன் வாயோடு வாய் பொருத்த வேண்டும். இரண்டு வாயும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும். உலைக்கு முன் நின்று இதைச் செய்தவர்களில் பெரிய கைகாரர் அர்த்தூரோ பியாசுத்தோ. போபொலி என்றால்தான் தெரியும். அவர் பெயர் எந்தக் குப்பியின் அடியிலும் பொறிக்கப்படவில்லை. ரயில் கால அட்டவணையில் டிரைவர் பெயர் கிடையாது அல்லவா?

ஆனாலும் வெனினியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வரைபவரையும் ஊதுபவரையும் ஓர் உலையடியில் சேர்த்து நிறுத்தியது அவர்தான். நஷ்டம் வந்தாலும் அவருக்குத்தான்.

1959-ல் வெனிஸ் நகரில் காலமானார். மருமகன் தொழிலை ஏற்று நடத்தினார். 1972-ல் பிடித்த தீயில், நிறுவனம் காத்து வைத்திருந்த பழைய மாதிரிகளில் பல அழிந்தன. அதன் பிறகு அந்நாளைய குப்பியைப் பார்க்க வேண்டுமானால், விலை கொடுத்து வாங்கியவர்களின் அலமாரிகளையும் அருங்காட்சியகங்களையும்தான் தேட வேண்டியிருந்தது.